மேற்கே கறுத்தால் போனைத் தொடாதே

போனை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு எண்ணம் இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முன்பக்கக் கடையில் இருக்கும்போது மணி அடித்தால் எட்டி எடுத்துவிடலாம். அம்மா சமையலறை வாசலைக் காட்டினாள். ஆயாவுக்குச் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தால் போதும். தோளில் வயர்ச் சுருளும் கையில் கட்டிங் பிளேயருமாக வந்த லைன்மேன் அண்ணன் மூன்று இடங்களையும் பார்த்தார். மூன்றையும் வேண்டாம் என்றார். ஜன்னலில் இரும்புக் கம்பி. சமையலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய். சாமி மாடத்துக்கு மேலே மெயின் சுவிட்சுக்குப் போகும் கரண்ட் வயர்.

"மழை நாள்ல இந்த லைன் எதை இழுத்துக்கினு உள்ள வரும்னு சொல்ல முடியாதுங்க. கம்பி, குழாய், கரண்டு, மூணுக்கும் எட்டி இருக்கட்டும்" என்றார். நடுக்கூடத்தில், எதையும் ஒட்டாத ஒரு சுவரில், என் தோள் உயரத்துக்கு ரோசெட் பெட்டியை வைத்துத் திருகாணியை முடுக்கினார். கீழே ஒரு மர ஸ்டூல். அதன்மேல் கறுப்புப் போன். பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்தது, எண்களைச் சுழற்றும் வட்டம் வைத்தது. யார் வீட்டிலோ இருந்து திரும்பி வந்ததாக இருக்க வேண்டும். ஏழாம் எண்ணின் ஓட்டை மட்டும் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிங்கப்பெருமாள் கோவில் அன்று ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் ஒரு பஸ் நிறுத்தம், ஒரு ரயில்வே கேட், மலையைக் குடைந்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில், சுற்றிலும் சில தெருக்கள், அவ்வளவுதான். பல்லவர் காலத்துக் குடைவரை. அர்ச்சகர் பெருமாளின் நெற்றித் திருநாமத்தை விலக்கி ஆரத்தி வெளிச்சத்தில் மூன்றாவது கண்ணைக் காட்டுவார். கருவறை மலைக்குள்ளேயே இருப்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போதெல்லாம் மேற்குப் பக்கம் வந்ததும் நின்று வானத்தைப் பார்ப்பாள். அங்கிருந்து ஒரகடம் வரைக்கும் ஏரியும் வயலும் பனையும்தான். கோடையிலும் ஆடி ஆவணியிலும் எங்கள் ஊருக்குச் சாயங்கால இடிமழை அந்தத் திசையிலிருந்துதான் வரும். மேற்கே கறுத்தால் துணி எடு, வறட்டியை உள்ளே போடு, ஆட்டை அவிழ்த்து வா என்று அதுவரை மூன்று உத்தரவுகள் இருந்தன. போன் வந்த பிறகு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: போனைத் தொடாதே.

அப்பா வைத்திருந்தது சிமெண்ட், கம்பிக் கடை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். மறைமலை நகரில் போர்டு கார் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் லாரிகள் கூடின. "கம்பி எத்தனை டன் இருக்கு?" என்று கேட்க மேஸ்திரிகளுக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. பல வருஷம் காத்திருந்த விண்ணப்பம் அப்போதுதான் கனிந்தது. வெளியூர்க்காரர்கள் எங்களைக் கூப்பிட 04114 சுழற்றிவிட்டு எங்கள் எண்ணைச் சுழற்ற வேண்டும். அந்தச் சுழற்சியை நான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். வட்டத்தை இழுத்து விட்டால் அது திரும்பி வரும்போது லைனை வெட்டி வெட்டி விடும். ஒன்றுக்கு ஒரு வெட்டு, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. வினாடிக்குப் பத்து வெட்டு என்ற வேகத்தில் எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும்.

அந்த லைன் வெறும் குரலை மட்டும் கொண்டுவரவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோனுக்கு அடியில் இன்னொன்று இருக்கும். மெல்லிய "ம்ம்ம்". சில நேரம் அது தடித்துக் கரகரக்கும். அந்த நேரத்தில் கேட்டுப் பக்கம் பார்த்தால் ஏதாவது ரயில் இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும். ரயிலுக்கும் போனுக்கும் என்ன உறவு என்று லைன்மேன் அண்ணனைத்தான் கேட்டேன். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ரயில் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி அறுபதுகளிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் தொலைபேசிக் கம்பியும் நெடுந்தூரம் இணையாகவே ஓடுகின்றன. ஒரு கம்பியில் மாறுமின்சாரம் பாய்ந்தால் அதற்கு இணையாகக் கிடக்கும் இன்னொரு கம்பியில் தொடாமலேயே மின்னழுத்தம் எழும். இந்தத் தொல்லைக்காகவே நாட்டில் ஒரு குழு இருக்கிறது. பி.டி.சி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மின்துறை, தொலைத்தொடர்பு, ரயில்வே எல்லோரும் அதில் உண்டு. உயர் அழுத்த மின்பாதை போடுமுன் பக்கத்துத் தொலைபேசிக் கம்பிகளுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு ஒப்புதல் தருவது அதன் வேலை. இதெல்லாம் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. அன்று அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு.

தன் பையிலிருந்து வெள்ளையும் நீலமுமாக இரண்டு மெல்லிய வயர்களை எடுத்தார். ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. "இதுல ஏன் முறுக்கு இருக்கு சொல்லு?" என்றார். அழகுக்கு என்றேன். சிரிக்காமல் தலையை ஆட்டினார். முறுக்கினால் ஓர் இடத்தில் வெள்ளை ரயில் பக்கம், அடுத்த இடத்தில் நீலம் ரயில் பக்கம். இரண்டின் மேலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும். போன் கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இரண்டிலும் ஒரே அளவென்றால் வித்தியாசம் இல்லை, சத்தமும் இல்லை. கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கு முன்னால் ஒற்றைக் கம்பி, மறுபக்கத்துக்கு மண், அப்படித்தான் போன் பேசினார்கள். ஊரின் எல்லா இரைச்சலும் காதில் விழுந்திருக்கும். "அப்ப நம்ம போன் ஏண்ணே இரையுது?" என்றேன். "ரெண்டு கம்பியில ஒரு கால் எங்கியோ ஒழுகுது" என்றார்.

அந்த ஒழுகல் எங்கே என்று அவர் தேடியதை நான் கூடவே நடந்து பார்த்தேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து தரைக்கடியில் வரும் கேபிள் ரோட்டோரத்துப் பில்லரில் ஏறும். பில்லரிலிருந்து பிரிந்து எங்கள் தெருமுனைப் போஸ்டில் இருக்கும் டி.பி. பெட்டிக்கு வரும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கறுப்பு டிராப் வயர் புளியமரக் கிளைகளுக்கு நடுவே போகும். அண்ணன் போஸ்டில் ஏறி டி.பி. பெட்டியைத் திறந்தார். முதலில் வெளியே வந்தவை எறும்புகள். பிறகு ஒரு குளவிக் கூடு. உள்ளே வரிசையாகப் பித்தளைத் திருகாணிகள். எங்கள் வீட்டுத் திருகாணியின் அடியில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கத்தி முனையால் சுரண்டினார். பச்சைக்கு அடியில் செம்பு சுட்ட தோலைப் போலச் சிவந்து தெரிந்தது. முனையை வெட்டி எறிந்து, புதுசாய்ச் சீவி, திருகாணிக்குள் சுற்றி முடுக்கினார். தன் டெஸ்ட் போனைக் கவ்வி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். "டெஸ்ட் போடுங்க சார். எர்த் காட்டுதா? ... இப்ப? ... சரி சார்." அந்த நேரம் பார்த்து யாரோ எங்களுக்குப் போன் செய்ய, விரலை வெடுக்கென்று எடுத்து உதறினார். சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட்தான். மணி அடிக்கும்போது 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். ஈரக்கையில் அது நன்றாகவே உறைக்கும்.

முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் நடுவில்தான் பழுது அதிகம் என்பது அவர் கண்டது. கோடை முழுக்க வெடித்துக் கிடந்த இணைப்பில் முதல் ஈரம் நுழையும். செம்பு அரிப்பது குறையட்டும் என்றுதான் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் நேர்முனையை மண்ணோடு கட்டி வைப்பார்கள். அப்படியும் ஈரம் தன் வேலையைச் செய்யும். பின்னால் ஜெல்லி நிரப்பிய கேபிள் எங்கள் தெருவுக்கு வந்தபோது அதன் வெட்டுமுனையை அண்ணன் எனக்கு முகரக் கொடுத்தார். வாஸ்லின் போன்ற பிசுக்கு, விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. தண்ணீர் நுழைய அதில் இடமே இல்லை.

போன் செத்தால் பக்கத்து வீட்டுக்குப் போய் 198க்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து அப்பா டெலிபோன் டைரக்டரியின் முன்பக்கங்களைப் புரட்டுவார். வரிசையாக எண்கள் வருவதற்கு முன்னால் விதிகள் அச்சாகியிருக்கும். ஆயா பஞ்சாங்கம் படிக்கச் சொல்லிக் கேட்பதுபோல அப்பா அவற்றை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். கருவி துறைக்குச் சொந்தம், நமக்கு வாடகைக்குத்தான். திறக்கக் கூடாது. இடம் மாற்ற விண்ணப்பம் தர வேண்டும். அனுமதியில்லாமல் இன்னொரு போனை இணைக்கக் கூடாது. பில் கெடு தாண்டினால் அறிவிப்பில்லாமலே துண்டிக்கலாம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1951ஆம் ஆண்டுத் தந்தி விதிகளும்தான் எல்லாவற்றுக்கும் வேர். வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்காக எழுதிய சட்டம் எங்கள் நடுக்கூடத்து ஸ்டூல் வரைக்கும் ஆண்டது. 2023இல்தான் அதற்கு மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. மூன்று நாளைத் தாண்டியும் பழுது சரியாகாவிட்டால் வாடகையில் கழிவு உண்டு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் ஏற்பாடு செய்தது, நான் கல்லூரி முடித்தபிறகு. அப்பாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. எங்கள் பக்கமும் பேசிய விதி என்பார்.

இரண்டாவது போன் கூடாது என்ற விதிக்கு அர்த்தம் என்ன என்று எங்களுக்குப் பக்கத்து மாடி வீடு காட்டியது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த அழுத்து பொத்தான் போன் ஒன்றை அவர்கள் தாங்களாகவே மேலே இணைத்திருந்தார்கள். கீழே ஒருவர் எண்ணைச் சுழற்றினால் மேலே மணி "டிங் டிங்" என்று முணுமுணுக்கும். மேலே ரிசீவர் சரியாக வைக்கப்படாவிட்டால் கீழ்வீட்டுக்கு யாரும் கூப்பிட முடியாது. ஒரு லைனில் மணி அடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் சக்திக்கு அளவு இருக்கிறது. கருவிகள் கூடக் கூட மணி மெலியும். அதைவிட, மாடி ஜன்னல் வழியாக அவர்கள் இறக்கிய அந்த வயருக்கு எந்தக் காப்பும் கிடையாது. "மேல இருந்து எதுனா எறங்குச்சுன்னா மொதல்ல இதுலதான் எறங்கும்" என்று அண்ணன் அதைக் காட்டிச் சொன்னார். விதிக்குள் ஒரு உயிர்க்காப்பு ஒளிந்திருப்பதை எனக்குக் காட்டிய முதல் ஆள் அவர்.

சில இரவுகளில் எங்கள் லைனில் வேறு யாரோ பேசுவார்கள். கேபிளுக்குள் பக்கத்து இணைகளின் காப்பு தேய்ந்து ஒன்றின் குரல் மற்றொன்றில் ஏறிவிடும். கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல், சீர்வரிசையில் எத்தனை பாத்திரம் என்று கேட்கும். பதில் கேட்காது. எனக்கும் அக்காவுக்கும் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இல்லை. அப்பா கண்டுவிட்டால் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிடுவார். "அடுத்தவங்க வூட்டுக் கதவு தெறந்து கெடந்தா உள்ள பூந்துடுவியா?" 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தொலைபேசிப் பேச்சும் ஒருவரின் அந்தரங்கம்தான், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு அதைக் காக்கும் என்று மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. செய்தித்தாளை அப்பா மடித்து எங்களிடம் நீட்டினார். அதிகம் பேசவில்லை. பிறகு நாங்களும் எடுப்பதில்லை.

மின்னலுக்கும் லைனில் ஒரு சத்தம் உண்டு. வானம் இன்னும் இங்கே கறுக்காத நேரத்தில், தொலைவில் எங்கோ மின்னினால், ரிசீவரில் "டப்" என்று ஒரு சொடுக்கு விழும். வெளிச்சத்தோடு சேர்ந்தே வரும். இடி பிறகுதான். 1876இல் பெல்லின் உதவியாளர் வாட்சன் இரவுகளில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் முனையில் காதை வைத்து இப்படிப்பட்ட சொடுக்குகளையும் கீச்சொலிகளையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பின்னாளில் படித்தபோது, எங்கள் நடுக்கூடம் எனக்கு ஒரேயடியாகப் பெரிதாகிவிட்டது. நெடுங்கம்பிகளில் சிலசமயம் விசில்போல இறங்கும் ஒலியும் கேட்கும். மின்னலிலிருந்து எழும் வானொலி அலை பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் வெளியே போய் மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது என்று 1953இல் கேம்பிரிட்ஜில் ஸ்டோரி என்பவர் விளக்கினார். எங்கள் பக்கம் பூமத்திய ரேகைக்கு அருகே என்பதால் அந்த விசில் எங்களுக்கு வாய்க்கவில்லை. சொடுக்கு மட்டும் நிறைய.

அந்தச் சொடுக்குதான் அபாயம். மின்னல் போஸ்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு பனையில் விழுந்தால் போதும். ஒரு மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். அந்த ஓட்டம் அருகில் தொங்கும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பிவிடும். ரிசீவர் காதில் ஒட்டியிருக்கிறது, கால் ஈரத் தரையில் இருக்கிறது, நடுவில் ஒரு ஆள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூஸ், டார்வெனிசா என்ற இருவர் 1989இல் போன் பேசும்போது மின்னலால் அடிபட்டவர்களைப் பற்றி மட்டுமே தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அத்தனை பேர் இருந்தார்கள், தனி ஆய்வு செய்ய. இன்னொரு சபலமும் உண்டு: மழையில் கரண்ட் போய்விடும், ஆனால் போன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடுவதால் உயிரோடு இருக்கும். வீட்டில் வேலை செய்யும் ஒரே பொருள் அதுதான். எடுத்து யாரிடமாவது பேசத் தோன்றும்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் அத்தைக்குப் பிரசவ வலி. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து மாமா போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கே ஒரகடம் பக்கம் மைபோல ஆனது. ஆயா வழக்கம்போல அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்ல ஆரம்பித்தாள். அக்கா மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தாள்; மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். பதினைந்து. பன்னிரண்டு. ஆறு. ஒவ்வொரு மின்னலுக்கும் போன் தானாக "டிங்" என்று ஒற்றைச் சத்தம் போட்டது. கம்பி வெளியிலிருந்து எதையோ உள்ளே கொண்டுவந்து தட்டிப் பார்ப்பது கண்ணெதிரே நடந்தது. அப்போதுதான் முழு மணியாக அடித்தது.

அப்பா எழுந்துவிட்டார். ஆயா அவருக்கு முன்னால் ஸ்டூலை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

"எடுக்காத."

"அம்மா, தங்கச்சி விஷயம்மா."

"தெரியும். பொறந்த புள்ள பொறந்ததுதான். அரமணி கழிச்சுக் கேட்டாலும் அதே புள்ளதான். உக்காரு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் கை ஸ்டூலின் விளிம்பில் இருந்தது, நரம்பு புடைத்திருந்தது. மணி நின்றது. சற்று நேரத்தில், அக்கா ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள், வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. தெருமுனைப் பனை. ரோசெட் பெட்டியிலிருந்து விரல் நீளத்துக்கு நீலமாக ஏதோ பாய்ந்தது. மூடி தெறித்துக் கூடத்தின் எதிர்ச்சுவர் வரை போனது. சுவரில் வயர் போன வழியெல்லாம் கறுப்புக் கோடு. வெந்த பிளாஸ்டிக் நாற்றம் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை போகவில்லை. கடைசி இடி ஓய்ந்து அரைமணி ஆகும் வரை ஆயா யாரையும் எழ விடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மாமாவின் தம்பி டி.வி.எஸ். 50இல் நனைந்துகொண்டே வந்து பெண் குழந்தை என்றார். அந்தப் பெண் இப்போது மறைமலை நகரில் எஞ்சினியர்.

மறுநாள் லைன்மேன் அண்ணன் வந்தார். எக்ஸ்சேஞ்ச் பக்கம் எங்கள் இணையைக் காத்த ஜி.டி. டியூபை எனக்காக எடுத்து வந்திருந்தார். சுண்டுவிரல் நகத்தளவு பீங்கான் உருளை, மூன்று கால்கள். இரண்டு கால் இரண்டு கம்பிக்கு, நடுக்கால் மண்ணுக்கு. உள்ளே வாயு. மணியின் 75 வோல்ட் வந்தாலும் அது அசையாது. சுமார் 230ஐத் தாண்டினால் வாயு மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகி எல்லாவற்றையும் மண்ணுக்குத் தள்ளிவிடும். அளவுக்கு மீறி வந்தால் தான் வெந்து, கம்பியை மண்ணோடு ஒட்டிவிட்டுச் சாகும். அது செத்ததால்தான் அங்கே கருவிகள் பிழைத்தன. "அப்ப நம்ம போஸ்ட்ல இருந்தது?" என்று அப்பா கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் அவரைப் போஸ்டுக்கு அழைத்துப் போனார். டி.பி. பெட்டியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் எர்த் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு துண்டு மட்டும் தொங்கியது. அறுத்தவருக்கு அது துணி காயப்போட ஒரு கொடி. மண் இல்லாத டியூப் அங்கே சும்மா இருந்திருக்கிறது.

எனக்கு அந்த நாளில்தான் எர்த் என்பது புரிந்தது. வாசல் வேப்பமரத்தடியில் குழி வெட்டினார்கள். 2.5 மீட்டர் இரும்புக் குழாய், சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். கரண்ட் போர்டின் எர்த்தையும் போன் லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் புதிதாக வைத்த காப்புப் பெட்டியின் எர்த்தையும் அண்ணன் அந்த ஒரே குழாயில் சேர்த்துக் கட்டினார். போனுக்கு ஒன்று கரண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் என்ன என்று அப்பா கேட்டார். "வேணாங்க. ரெண்டு மண்ணுக்கும் நடுவுல வித்தியாசம் வந்தா, நடுவுல நிக்கிறவன் மேல பாயும். எல்லாம் ஒண்ணா ஏறணும், ஒண்ணா எறங்கணும்." கோடையில் அந்தப் புனலில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆனது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். சாலை அகலமானபோதும் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர்க் குழாய் புதைத்தபோதும் ஜேசிபியின் பல்லில் கேபிள் அடிக்கடி சிக்கியது. 04114 போய் 044 வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையிலிருந்து கைப்பேசிகள் வெளிவரத் தொடங்கின; எங்கள் தெருப் பெண்கள் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய் அவற்றைச் செய்தார்கள். 2014 நவம்பரில் அதுவும் மூடியது. அதற்கு வெகு முன்பே கறுப்புப் போன் போய், அழுத்து பொத்தான் போன் வந்து, அதுவும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல்.லில் எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். லைன்மேன் அண்ணன் அவர்களில் ஒருவர்.

செல்போன் மின்னலை இழுக்கும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கையிலுள்ள செல்போனுக்கு வெளியிலிருந்து கம்பி கிடையாது. வீட்டுக்குள் பேசினால் ஆபத்தில்லை. சார்ஜரில் செருகியபடி பேசினால் அதுவும் கம்பி உள்ள போன்தான். நிஜமான ஆபத்து வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் மட்டும் நாட்டில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர்; வயலிலும் மரத்தடியிலும் மாட்டிக்கொள்பவர்களே அதிகம். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலியில் அருகே மின்னல் விழுவதைக் காட்டுகிறது. ஒரகடம் பக்கம் கட்டடம் கட்டும் பையன்களின் போனில் அதை நான் ஏற்றிக் கொடுக்கிறேன்.

வீட்டுக்கு இணையத்துக்காகக் கண்ணாடி இழை வந்தபோது கம்பித் தொல்லை தீர்ந்தது என்றுதான் தெருவில் பேசினார்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, உண்மை. அண்ணன் அன்று கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓய்வுக்குப் பின் இடுப்பு வலி, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நகத்தால் உறையைக் கீறினார். உள்ளே முடியளவு கண்ணாடி. அதைத் தாங்க இருபுறமும் எஃகுக் கம்பி. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவி வந்து, மோடம் வரைக்கும் அந்த எஃகும் சேர்ந்தே உள்ளே வருகிறது.

"தம்பி, இந்தக் கம்பிய வெளியிலயே கிளாம்பு போட்டுக் கட்டிட்டு, அங்கியே வெட்டிடு. கண்ணாடி மட்டும் உள்ள வரட்டும்" என்று கேபிள் இழுக்க வந்த பையனிடம் சொன்னார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று பையன் கேட்டான். அண்ணன் சட்டம் பேசவில்லை. சுவரில் ரோசெட் இருந்த இடத்தைக் காட்டி, அந்தப் புரட்டாசிச் சாயங்காலத்தை முழுக்கச் சொன்னார். பையன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். எங்கள் வீட்டுக் கம்பியை வெட்டிக் கட்டிவிட்டு, காலையில் இணைப்புக் கொடுத்துவிட்டு வந்திருந்த மாடி வீட்டுக்கும் திரும்பிப் போய் ஏணியைச் சாத்தினான்.